மறைந்து கிடந்த சேதமும் தாமதித்த கோரிக்கையும்

வெளிப்பார்வைக்கு எவ்விதக் குறையுமின்றி நிமிர்ந்து நிற்கும் மரத்தூண், ஒருநாள் கை பட்டவுடன் பொடிப்பொடியாய் உதிர்ந்து விழுவதை நம் ஊர்களில் அறியாதார் இலர். கறையான் தன் வேலையைத் தொடங்கிய நாள் எது, தூணை உள்ளே தின்று முடித்த நாள் எது என்று எவராலும் கூற இயலாது. வீட்டுக்காரர் அறிந்ததெல்லாம் தூண் விழுந்த நாள் மட்டுமே. கேடு நிகழ்ந்த நாள் ஒன்று. அது கண்ணுக்குப் புலப்பட்ட நாள் வேறொன்று. இவ் விரண்டு நாட்களுக்கும் இடையே கிடக்கும் காலத்தை யாருடைய கணக்கில் எழுதுவது? காப்புறுதிச் சட்டத்திலே நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வரும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகும். இக் கேள்வியை விளக்குவதற்கு அமெரிக்கரின் வீட்டு வண்டியைப் போன்ற நல்ல உதாரணம் பிறிதொன்றில்லை என்பது நம் கருத்து.

அமெரிக்கர் ‘கேம்பர்’ என்றும் ஆங்கிலேயர் ‘கரவன்’ என்றும் அழைக்கும் இவ் வண்டி, சில்லுகளின் மேல் அமைந்த ஒரு சிறு இல்லமாகும். படுக்கை, குசினி, நீர்த்தொட்டி, மின்விளக்கு யாவும் அதனுள்ளே அடங்கியிருக்கும். சிலவற்றை மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். சில, தாமே இயந்திரம் பொருந்தியவை. 1931ஆம் ஆண்டிலே வாலி பயம் என்பவர் தொடக்கிய ‘எயார்ஸ்ட்ரீம்’ நிறுவனத்தின் பளபளக்கும் அலுமினிய வண்டிகள் உலகப் பெயர் பெற்றவை. 1959ஆம் ஆண்டில் அவர் தலைமையில் புறப்பட்ட வண்டிக் கூட்டமொன்று, ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன் நகரிலிருந்து எகிப்தின் கெய்ரோ வரை அக் கண்டத்தை நெடுக்காகக் கடந்து சென்றது. இன்று ஐக்கிய அமெரிக்காவில் உருவாகும் இத்தகைய வண்டிகளிற் பெரும் பங்கு, இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறங்களிலுமே செய்யப்படுகின்றது.

இது செல்வரின் விளையாட்டுப் பொருள் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. இளைப்பாறிய தம்பதியர் தம் வீட்டை விற்று, அப் பணத்திலே ஒரு வண்டியை வாங்கி, அதனையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொள்வதுண்டு. தொழில் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்கும் அது வீடாகின்றது. காட்டுத்தீயில் இல்லத்தை இழந்தோர் பலர் மாதக் கணக்கில் தங்குவதும் அதிலேதான். அத்தகையோரின் வண்டிச் சுவர் உக்கிப் போனால், இழப்பது விடுமுறை இன்பத்தை அன்று. தலைக்கு மேலிருக்கும் கூரையை.

இனி, அவ் வண்டியிற் சேதம் எங்ஙனம் மறைந்து கிடக்கின்றது என்பதை நோக்குவோம். பெரும்பாலான வண்டிகளின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. வெளியே கண்ணாடி நாரினாற் செய்த மெல்லிய தகடு. அதன் பின்னே ஒட்டுப்பலகை. நடுவே வெப்பத்தைத் தடுக்கும் நுரைப்பொருள். உள்ளே மீண்டும் பலகை. இவை அனைத்தும் பசையினால் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். கூரையின் மேல் றப்பர் போன்ற ஒரு விரிப்பு ஒட்டப்பட்டிருக்கும். காற்றுப் போக்கியும் குளிரூட்டியும் கூரையைத் துளைத்துப் பொருத்தப்படும் இடங்களைச் சுற்றி அடைப்புப் பசை பூசப்பட்டிருக்கும். இப் பசையிலே தலைமயிர் அளவு வெடிப்பு விழுந்தாலே போதும். மழைநீர் உள்ளே புகுந்துவிடும். புகுந்த நீர் உடனே தரையிற் சொட்டுவதில்லை. பலகைகளுக்கிடையே ஊர்ந்து, நுரையினூடே பரவி, மூலை முடுக்கெல்லாம் சென்று தங்கும். பலகை உக்கும், ஆணி கறள் ஏறும், பூஞ்சணம் படரும். ஈற்றிலே பசை விட்டுப்போய், வெளித் தகடு கொப்புளம் போலப் புடைத்தெழும்போதுதான் உரிமையாளர் திடுக்கிட்டு விழிப்பார். அதற்குள் மாதங்கள் பல, சில வேளைகளில் ஆண்டுகளே, கழிந்திருக்கும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். கொலராடோ மாநிலத்தில் வாழும் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியாரும் தங்கள் சேமிப்பிலே ஒரு வீட்டு வண்டி வாங்கியிருக்கின்றனர். ஆலங்கட்டி மழைக்குப் பெயர் போன மாநிலம் அது. ஒரு மே மாதத்து மாலையில் ஆலங்கட்டி மழை பெய்து ஓய்கின்றது. ஆசிரியர் வண்டியைச் சுற்றி வந்து பார்க்கின்றார். யன்னல் உடையவில்லை, தகட்டிலே பள்ளம் எதுவும் தெரியவில்லை. “தப்பித்தோம்” என்று இருவரும் ஆறுதல் அடைகின்றனர். கூரையிலுள்ள காற்றுப் போக்கியின் மூடி கீறியதும், அதனைச் சுற்றியிருந்த அடைப்புப் பசை வெடித்ததும் கீழே நின்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடியன அல்ல. அடுத்த ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், படுக்கைக்கு அருகிலுள்ள சுவரிலே புடைப்பும், தரையிலே மென்மையும் தோன்றுகின்றன. திருத்துபவர் சுவரைத் திறந்து பார்த்துவிட்டு, “இது இன்று நேற்று உண்டானதன்று” என்கின்றார். மழை பெய்து பதினேழு மாதங்கள் சென்றுவிட்டன. இப்பொழுது காப்புறுதிக் கம்பனிக்கு எழுதுவதா, எழுதாமல் விடுவதா?

பலர் இவ்விடத்திலேயே மனம் தளர்ந்து, “காலம் கடந்துவிட்டது, இனிக் கேட்டால் யார் தரப் போகின்றார்கள்?” என்று கைவிட்டுவிடுகின்றனர். இது பிழை. எழுதினால், கம்பனியார் பெரும்பாலும் மூன்று ஆட்சேபங்களைக் கிளப்பக்கூடும். முதலாவது, உடனே அறிவிக்கவில்லை என்பது. இரண்டாவது, இது ஆலங்கட்டியால் விளைந்ததன்று, நாட்பட்ட தேய்மானத்தாலும் பராமரிப்பின்மையாலும் விளைந்தது என்பது. மூன்றாவது, சேதம் பெருகாமல் தடுக்க உரிமையாளர் எதுவும் செய்யவில்லை என்பது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

உடனே அறிவிக்க வேண்டுமென்னும் நிபந்தனை கம்பனியாரின் வெறும் பிடிவாதம் அன்று. தடயங்கள் அழியுமுன் சேதத்தைப் பார்வையிடவும், கண்டவர்களை விசாரிக்கவும், மேலும் கெடாது தடுக்கவும், பொய்க் கோரிக்கைகளை இனங்காணவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டுமல்லவா? கட்டுப்பணம் செலுத்தும் எல்லோருடைய பணத்திலிருந்தே நட்டஈடு வழங்கப்படுகின்றது. ஆகையால், அந் நிபந்தனையில் நியாயம் உண்டு. நியூ யோர்க் மாநிலம் 1943ஆம் ஆண்டில் வகுத்ததும், பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றியதுமான தீக் காப்புறுதிப் பத்திரம் 165 வரிகளைக் கொண்டது. நட்டம் நேர்ந்தால் உடனே எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும், அறுபது நாட்களுக்குள் நட்டத்துக்கான சான்றைச் சமர்ப்பித்தல் வேண்டும், நட்டம் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் வழக்குத் தொடருதல் வேண்டும் என்னும் விதிகள் அதிலே இடம்பெற்றன. வாகனப் பத்திரங்களிலும் உடனடி அறிவித்தலைக் கோரும் விதிகள் வழக்கமாக உள்ளன.

ஆனால் நிபந்தனையிலே நியாயம் இருப்பது ஒன்று. அதனைச் சாட்டாக வைத்து நட்டஈட்டை முற்றாக மறுப்பது வேறொன்று. பழைய காலத்திலே நீதிமன்றங்கள் பல, அறிவித்தல் தாமதித்தால் உரிமை ஒழிந்தது என்றே தீர்ப்பளித்து வந்தன. பின்னர் அவற்றின் நோக்கு மாறியது. 1968இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் உயர் நீதிமன்றமும், 1977இல் பென்சில்வேனியா மாநிலத்தின் உயர் நீதிமன்றமும் ஒரு புதிய நெறியை ஏற்றன. அறிவித்தல் தாமதித்தது என்று காட்டுவது மட்டும் போதாது; அத் தாமதத்தினால் தமக்குப் பாதகம் விளைந்தது என்பதையும் கம்பனியாரே நிரூபித்தல் வேண்டும் என்பதே அந் நெறி. இதற்குக் காரணமும் உண்டு. காப்புறுதிப் பத்திரம், இரு தரப்பாரும் சமமாக அமர்ந்து பேசி எழுதிய ஒப்பந்தமன்று. கம்பனியார் அச்சிட்டு நீட்டுகின்றனர், வாங்குபவர் கையொப்பமிடுகின்றார். பல ஆண்டுகள் ஒழுங்காகப் பணம் கட்டிய ஒருவரை, கம்பனிக்கு எவ்வித இடையூறும் விளைவிக்காத ஒரு தாமதத்துக்காக வெறுங்கையுடன் அனுப்புவது நீதியாகாது என்று நீதிபதிகள் கருதினர்.

நாம் கற்பனை செய்த குடும்பத்துக்கு மிக அண்மையான தீர்ப்பு ஒன்றும் உண்டு. ஆலங்கட்டி மழையால் நேர்ந்த சேதத்தை ஓராண்டுக்குள் அறிவித்தல் வேண்டும் என்று நாள் குறித்து எழுதிய வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களைப் பற்றிய வழக்கிலே, 2024ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தின் உயர் நீதிமன்றம், மேற்கூறிய பாதக நெறி அங்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அது வீடுகளைப் பற்றியதே ஒழிய வண்டிகளைப் பற்றியதன்று. எனினும் அதன் நியாயம் நம் ஆசிரியருக்கும் கைகொடுக்கக் கூடியது. எல்லா மாநிலங்களும் இவ்வாறே கருதுகின்றன என்று எண்ணுவதும் தவறு. நியூ யோர்க் மாநிலம் நெடுங்காலம் பழைய கடும் நெறியையே பற்றி நின்றது. 2009 சனவரி முதல் வழங்கப்பட்ட பத்திரங்களுக்கு அதனைச் சட்டத்தின் மூலம் தளர்த்தியபோதும், பிறருக்கு விளைந்த நட்டத்துக்குப் பொறுப்பேற்கும் காப்புறுதிக்கே அத் தளர்வு உரியதாயிற்று. எனவே, வண்டி எந்த மாநிலத்திலே காப்புறுதி செய்யப்பட்டது என்பதை அறிவதே முதற் படி.

அடுத்து, காலத்தை எந் நாளிலிருந்து எண்ணுவது? இதற்கு 1990ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று வழிகாட்டுகின்றது. 1970ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட மாடிக் குடியிருப்பு ஒன்றிலே, 1985 நவம்பரில் தரைவிரிப்பை மாற்றும்போது, அத்திவாரத்திலும் தரையிலும் பெரிய வெடிப்பு இருப்பதை உரிமையாளர் கண்டனர். வெடிப்பு எப்போது தொடங்கியதோ எவரும் அறியார். நீதிமன்றம் கூறியதன் சாரம் இது: மெல்ல மெல்லப் பெருகும் சேதத்தைப் பொறுத்தவரையில், ‘நட்டத்தின் தொடக்கம்’ என்பது, கணிசமான சேதம் உண்டாகி, அது உரிமையாளருக்குத் தெரிந்த நாள், அல்லது கவனமுள்ள ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாள். மேலும், கம்பனியாருக்கு அறிவித்த நாள் முதல், அவர்கள் முறைப்படி மறுக்கும் நாள் வரை, வழக்குக்கான கெடு நின்றிருக்கும்.

‘தெரிந்திருக்க வேண்டிய நாள்’ என்னும் சொற்களை வாசகர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளல் வேண்டும். சட்டம் குருடருக்கு இரங்குமே ஒழிய, கண்ணை மூடிக்கொண்டவருக்கு இரங்காது. சென்ற ஆண்டே தரை மென்மையாயிற்று என்று கண்டும், “பிறகு பார்ப்போம்” என்று ஒருவர் விட்டிருந்தால், அவருடைய கெடு அன்றே தொடங்கிவிட்டது என்று கம்பனியார் வாதிக்க இடமுண்டு. முளையிலே கிள்ளாவிட்டால் முற்றியபின் கோடாலி வேண்டும் என்ற பழமொழி இதற்கே பொருந்தும்.

இரண்டாவது ஆட்சேபமே உண்மையில் வலிமை மிக்கது. இவ் வண்டிகளுக்கான பத்திரங்கள் பொதுவாக ஆலங்கட்டி, மரம் விழுதல், தீ, களவு, மோதல் போன்ற திடீர் நிகழ்ச்சிகளுக்கே ஈடு செய்கின்றன. தேய்மானம், உக்கல், நாட்பட்ட நீர்க் கசிவு, பூஞ்சணம், எலி போன்ற பிராணிகளின் அழிவு ஆகியன வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். ஆகவே, சுவர் உக்கியது என்று மட்டும் எழுதும் கோரிக்கை தானே தன்னைத் தோற்கடித்துக் கொள்ளும். உக்கியதற்கு மூலகாரணம் இன்ன நாளில் நிகழ்ந்த இன்ன விபத்து என்பதை நாட்டுதல் வேண்டும். அமெரிக்க அரசாங்கத்தின் வானிலைப் பகுதியார், எந்த மாவட்டத்தில் எந் நாளில் எவ்வளவு பருமனான ஆலங்கட்டி விழுந்தது என்பன போன்ற குறிப்புகளைச் சேர்த்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கின்றனர். அக் குறிப்பும், கீறிய மூடியும், ஈரப்பதம் அளக்கும் கருவி கொண்டு தேர்ந்த தொழிலாளர் எழுதித் தந்த அறிக்கையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கும். ஆண்டுதோறும் அடைப்புப் பசையைச் சோதித்ததற்கான பற்றுச்சீட்டுகள் இருப்பின், பராமரிப்பின்மை என்னும் பழி தானே விலகும்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு விடை, சேதத்தைக் கண்ட அன்றே செய்யும் செயலிலே இருக்கின்றது. கண்டவுடன் படங்கு கொண்டு கூரையை மூடுதல் வேண்டும். நீர் மேலும் புகாமற் செய்த செலவுக்குப் பற்றுச்சீட்டு வைத்தல் வேண்டும். ஆனால் முழுத் திருத்த வேலையையும் அவசரப்பட்டு முடித்துவிடலாகாது. கம்பனியின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்குமுன் உக்கிய பலகைகளைக் குப்பையில் எறிந்துவிட்டால், “எங்களாற் சோதிக்க முடியாமற் போயிற்று” என்று அவர்கள் கூறும் பாதகம் அப்பொழுது உண்மையாகிவிடும். தாமதம் செய்யாத தீமையை, அவசரம் செய்துவிடும்.

எழுதும் கடிதம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? சுருக்கமும் தெளிவும் உடையதாய் இருத்தல் வேண்டும். மழை பெய்த நாள், அன்று பார்த்தபோது கண்டது, காணாதது, புடைப்பைக் கண்ட நாள், திருத்துபவர் சுவரைத் திறந்த நாள், படங்கு போட்ட நாள் ஆகிய யாவற்றையும் வரிசையாக எழுதி, புகைப்படங்களை இணைத்து, பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வழியில் அனுப்புதல் நன்று. முன்னரே ஒரு சிறு கோரிக்கை ஏற்கப்பட்டு, வேலை தொடங்கிய பின் சுவருக்குள்ளே மேலும் சேதம் வெளிப்பட்டால், வேலையை நிறுத்தி, மதிப்பீட்டாளரை மறுபடியும் அழைத்து, மேலதிகக் கோரிக்கை சமர்ப்பிக்கலாம். அமெரிக்கத் திருத்தகங்களில் இது அன்றாட வழக்கம்.

இங்கே ஒரு சோதனை காத்திருக்கின்றது. பதினேழு மாதங்கள் என்று எழுத மனம் அஞ்சும். “சென்ற வாரம் பெய்த மழையில் நேர்ந்தது என்று எழுதிவிடுங்கள், யாருக்குத் தெரியப் போகின்றது?” என்று உபாயம் சொல்ல நண்பர்களும் இருப்பர். இதைப் போன்ற கேடு வேறில்லை. உக்கிய மரம் தன் வயதைத் தானே சொல்லும். பொய் வெளிப்பட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய ஈடும் போய், மோசடிக் குற்றமும் வந்து சேரும். தாமதத்தை மன்னிக்கச் சட்டத்திலே வழியுண்டு; பொய்யை மன்னிக்க வழியில்லை.

காப்புறுதியின் அடித்தளமே நம்பிக்கைதான். சுமாத்திராத் தீவிலே ஆங்கிலேயர் வைத்திருந்த மார்ல்பரோக் கோட்டையின் காப்புறுதி பற்றி எழுந்த வழக்கில், 1766ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்ட் பிரபு அளித்த தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களாற் படிக்கப்படுகின்றது. காப்புறுதி நல்லெண்ணத்தின் மேல் எழுந்த ஒப்பந்தம். அந் நல்லெண்ணம் இரு தரப்பாருக்கும் உரிய கடமை என்று அவர் விளக்கினார். அந்த வழக்கிலே வென்றவர் காப்புறுதி செய்தவரே என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

நல்லெண்ணம் கம்பனிக்கும் கடமையாகையால், அவர்களும் வாளாவிருக்க முடியாது. அமெரிக்காவிலே காப்புறுதியை மேற்பார்ப்பது பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பு. 1945ஆம் ஆண்டின் மத்திய சட்டமொன்று அதனை உறுதி செய்தது. உதாரணமாக, கலிபோர்னியாவிலே, அறிவித்தல் கிடைத்துப் பதினைந்து நாட்களுக்குள் கம்பனி பதிலளித்தல் வேண்டும். கோரிக்கைக்கான சான்று கிடைத்தபின் பொதுவாக நாற்பது நாட்களுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று தெரிவித்தல் வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்திலே தருதல் வேண்டும். அக் காரணம் பத்திரத்தின் எந்த வரியைச் சார்ந்தது என்று கேட்டறிவது உரிமையாளரின் உரிமை. திருப்தி ஏற்படாவிடின், மாநிலக் காப்புறுதித் திணைக்களத்துக்குக் கட்டணமின்றி முறையிடலாம். தொகை பெரிதாயின் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையை வழக்குக்கான கெடு முடியுமுன் பெறுதல் அவசியம்.

இவ்வளவும் செய்தபின் ஆசிரியருக்கு முழு ஈடும் கிடைக்குமா? கிடைக்கலாம், ஒரு பகுதி மட்டும் கிடைக்கலாம், மறுக்கப்படவும் கூடும். நட்டத்தின் முதற் பகுதியாக அவரே ஏற்க வேண்டிய தொகை எவ்வாறும் கழிக்கப்படும். ஆனால் கேளாமலே விட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடியது ஒன்றுமில்லை.

நம் வாசகர்களுட் பெரும்பாலோர் வீட்டு வண்டி வைத்திருப்போர் அல்லர். எனினும் பலருடைய பெட்டிகளிலே ஏதோ ஒரு காப்புறுதிப் பத்திரம் மடித்த மடிப்புக் கலையாமற் கிடக்கின்றது. மோட்டார் வண்டிக்கோ, கடைக்கோ, வீட்டுக்கோ எடுத்தது. கட்டுப்பணத்தை நாள் தவறாது கட்டும் நாம், அப் பத்திரத்தை ஒரு முறையேனும் படிப்பதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பகலுணவுக்குப் பின், குடும்பத்திலே படிக்கும் பிள்ளை ஒன்றை அருகிலே இருத்தி, அதனை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எவற்றுக்கு ஈடு உண்டு, எவற்றுக்கு இல்லை, எத்தனை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும் என்னும் மூன்றையும் ஒரு தாளிற் குறித்துப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பிள்ளைக்கு அது பாடமாகும். பெற்றோருக்கு அது பாதுகாப்பாகும்.